தேய்ஞ்ச எலும்புக்கு சிமென்ட், செராமிக், ஸ்க்ரூ: தர்மபுரி, கிருஷ்ணகிரி எலும்புக்கு எது பிடிக்கும்?

#1 காரிமங்கலம்_பிசியோ

வணக்கம். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஓயாம வர்ற ஒரு வகை கேஸ் பத்தி இங்க இருக்கிற ஆர்த்தோ, ரேடியாலஜி, ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள்கிட்ட கேட்கணும்.

65, 70 வயசு அம்மா. டவுன் பஸ்ல கடைசி சீட், வேகத்தடை, ஒரே ஒரு தூக்கு. இல்லைன்னா குனிஞ்சு தண்ணிக் குடத்தைத் தூக்கினது. அன்னைக்கே நடுமுதுகுக்குக் கீழே தாங்க முடியாத வலி. எக்ஸ்ரேல டி12 இல்லை எல்1 (நடுமுதுகும் கீழ்முதுகும் சேர்ற இடத்து எலும்புங்க) ஆப்பு மாதிரி அமுங்கியிருக்கு. சரி, எலும்புப்புரைதான்னு (எலும்பு அடர்த்தி குறைஞ்சு போறது) அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கேன் எடுத்தா, இடுப்புத்தண்டு, அதாவது கீழ்முதுகு, டி-ஸ்கோர் (இளவயசு எலும்போட ஒப்பிட்ட மதிப்பெண்) மைனஸ் 0.8. ரிப்போர்ட்ல "இயல்பு". அப்புறம் எலும்பு ஏன் உடைஞ்சது?

அடுத்து, வீட்டுக்காரங்க கேட்கறது: "சிமென்ட் வெச்சா சரியாயிடுமாமே?" கொஞ்சம் படிச்ச பையனா இருந்தா, "சிமென்ட் எதுக்கு, கரைஞ்சு எலும்பாவே மாறுற செராமிக் இருக்காமே"ன்னு கேட்கறாங்க. ரெண்டுக்கும் நேரான பதில் வேணும்.

#2 நல்லம்பள்ளி_ஃபிலிம்

முதல் கேள்வி என் பக்கம். அந்த டெக்சா ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று மட்டும்தான் அந்த மெஷினுக்குச் சொல்லத் தெரியும். அந்தத் தாது ஒழுங்காகக் கட்டிய சுவரா, முற்றத்தில் கொட்டி வைத்த செங்கல்லா என்று அதற்குத் தெரியாது.

நம் ஊரில் அது செங்கல் குவியலாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், போர் தண்ணியில் ஃப்ளோரைடு. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மி.கி., வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை. பல ஊர்களில் அதைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதுவும் 2013-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நாற்பது ஐம்பது வருஷம் போர் தண்ணி குடித்தவர்கள்தான் இன்றைக்கு 70 வயதில் உங்கள் கட்டிலில் படுத்திருப்பவர்கள். எலும்பில் ஏறிய ஃப்ளோரைடு இறங்க வருஷக்கணக்கு ஆகும்.

ஃப்ளோரைடு, எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்காரும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் படத்தில் வெள்ளை வெளேரென்று அடர்த்தியாகத் தெரியும். ஆனால் புதிதாகப் போட்ட எலும்பில் தாது ஒழுங்காக ஏறியிருக்காது. இதை அமெரிக்காவில் மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ரிக்ஸ் குழுவினர் 1990-ல் வெளியிட்ட ஆய்வு: மாதவிடாய் நின்ற, எலும்புப்புரை உள்ள 202 பெண்கள், பாதிப் பேருக்கு தினம் 75 மி.கி. சோடியம் ஃப்ளோரைடு, 4 வருஷம். இடுப்புத்தண்டு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. ஆனால் புதிய முதுகெலும்பு முறிவுகள் சொல்லும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடியது. முன்கை ஆரை எலும்பின் தண்டில் அடர்த்தி 4 சதவீதம் குறைந்தே போனது. அவர்கள் மாத்திரையில் கொடுத்ததை நம் ஆட்கள் சொம்பில் குடித்தார்கள்.

ஆகவே, இந்தப் பக்கத்து நோயாளிக்கு டெக்சா எழுதும்போது கூடவே ரெண்டு சாதா எக்ஸ்ரே எழுதுங்கள். ஒன்று முன்கை. ஆரை, அரந்தி இரண்டுக்கும் நடுவே இருக்கும் சவ்வு முள் முள்ளாகச் சுண்ணமேறியிருந்தால் ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு ஏறியதால் வரும் எலும்பு நோய்) என்று ஏறக்குறைய அடித்தே சொல்லலாம். இன்னொன்று இடுப்புக்கூடு. அங்கே தசைநார்கள் எலும்பாகியிருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் முதுகின் டி-ஸ்கோரை ஓரமாக வைத்துவிடுங்கள். லேசான அடிக்கே முதுகெலும்போ தொடை எலும்பின் கழுத்தோ உடைந்திருந்தால், டி-ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது பலவீன எலும்பு என்றுதான் கணக்கு.

#3 காரிமங்கலம்_பிசியோ

நன்றி சார். பல்லைப் பார்த்தே சொல்லிடலாம்னு சிலர் சொல்றாங்களே?

#4 நல்லம்பள்ளி_ஃபிலிம்

பாதிதான் சரி. பல்லில் பழுப்புக் கறை விழ வேண்டுமானால் பல் உருவாகிற வயதில், சுமார் 8 வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். வேறு மாவட்டத்திலிருந்து இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்த அம்மாவுக்குப் பல் பளிச்சென்று இருக்கும், முதுகு சுண்ணமாகியிருக்கும். பிறந்த ஊர், வந்த வருஷம், எந்தத் தண்ணி, இந்த மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று. இந்த ஊரில் மூட்டுத் தேய்மானம், எலும்புப்புரை இரண்டையுமே "தேய்மானம்" என்றுதான் சொல்கிறோம். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தவரும் முதுகெலும்பு நொறுங்கியவரும் மெடிக்கல் ஷாப்பில் ஒரே கால்சியம் டப்பாவை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

#5 தொப்பூர்_ஆர்த்தோ

சிமென்ட் கேள்விக்கு வருவோம். முதலில் அது எதற்கு என்று தெளிவு வேண்டும். எலும்புச் சிமென்ட் எலும்புப்புரையைக் குணமாக்காது. நொறுங்கிய ஒரு எலும்பை உள்ளிருந்து பிடித்து நிறுத்தும், அசைவு நிற்பதால் வலி குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்பு அதே பழைய எலும்புதான்.

வைக்கும் முன் என் மேசைக்கு வர வேண்டியவை: எம்ஆர்ஐ, அதில் ஸ்டிர் என்ற, எலும்புக்குள் நீர்க்கோப்பைக் காட்டும் வரிசையில் அந்த எலும்பு வெளுத்துத் தெரிய வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அது ஆறிப்போன பழைய அமுங்கல், வலி வேறு எங்கிருந்தோ வருகிறது. அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, ரத்தப் புரத எலக்ட்ரோஃபோரிசிஸ், கால்சியம், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், வைட்டமின் டி, கிரியேட்டினின். நம் நாட்டில் முதுகெலும்பு அமுங்கினால் டிபி, மைலோமா (மஜ்ஜைப் புற்றுநோய்) இரண்டையும் தள்ளிவிட்டுத்தான் எலும்புப்புரை என்று சொல்லலாம். டிபி இருக்கும் எலும்புக்குள் சிமென்ட் போட்டால் கிருமிக்கு நிரந்தர வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், சிமென்ட் போகிற அதே ஊசி வழியாகத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புங்கள், தனியாக ஒரு குத்து தேவையில்லை.

ரத்தம் உறையும் அளவான ஐஎன்ஆர் 1.5-க்குள், தட்டணு 50,000-க்கு மேல். பின்சுவர் உடைந்து தண்டுவடத்தை அழுத்தி, கால் பலம் குறைந்திருந்தால் இது சிமென்ட் மட்டும் வைக்கிற கேஸே அல்ல.

#6 ஊத்தங்கரை_பொதுமருத்துவம்

டாக்டர், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் 78 பேர், மற்றதில் 131 பேர். சிமென்ட் இல்லாமல் ஊசி மட்டும் குத்தி, வைத்ததுபோல் காட்டப்பட்டவர்களுக்கும் நிஜமாகச் சிமென்ட் வைத்தவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. 2018-ல் நெதர்லாந்தின் வெர்டோஸ் 4 ஆய்வு, 180 பேர், அதிலும் அதே கதை. இதற்கு மேலும் ஏன் வைக்க வேண்டும்?

#7 தொப்பூர்_ஆர்த்தோ

நியாயமான கேள்வி. 2009 ஆய்வுகளில் ஒரு வருஷம் வரை பழைய முறிவுகளும் சேர்க்கப்பட்டன. 2016-ல் லான்செட்டில் வந்த வேப்பர் ஆய்வு 120 பேரை எடுத்தது, எல்லோருக்கும் முறிவு 6 வாரத்துக்குள், வலி கடுமை. அதில் சிமென்ட் வைத்தவர்களுக்குத் தெளிவான பலன், அதிலும் டி11 முதல் எல்2 வரையான பகுதியில். வெர்டோஸ் 4-ம் புதிய முறிவுகளைத்தான் எடுத்தது, பலன் காட்டவில்லை. அதை நான் மறைக்கவில்லை.

என் வழி: முதல் இரண்டு மூன்று வாரம் வலி மாத்திரை, முதுகுப் பட்டை, எழுந்து நடக்க வைப்பது. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தானாக இறங்கிவிடும். அப்படியும் கட்டிலை விட்டு எழ முடியாதவர், எம்ஆர்ஐயில் எலும்பு வெளுத்திருப்பவர், முறிவுக்குள் காற்றுக் குகை தெரிந்து நிற்கும்போது ஒரு உயரமும் படுக்கும்போது ஒரு உயரமும் காட்டுபவர், இவர்களுக்கு மட்டும். இந்தக் குகைக் கேஸில் எலும்பு தானாக ஒட்டாது. அங்கே சிமென்ட் வேலை செய்யும்.

#8 ஊத்தங்கரை_பொதுமருத்துவம்

அந்த அளவுகோல் என்றால் எனக்குச் சண்டை இல்லை.

#9 அரூர்_ஓடி_சிஸ்டர்

தியேட்டர் பக்கம் நான் எழுதறேன், டாக்டருங்க இதை எல்லாம் எழுத மாட்டாங்க.

சிமென்ட்ங்கிறது பிஎம்எம்ஏ, ஒரு வகை பிளாஸ்டிக். ஒரு பொடி, ஒரு ஆம்பூல் திரவம். பொடியில பாலிமர் மணி, பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேல தெரியறதுக்கு பேரியம் சல்பேட்டோ சிர்கோனியாவோ இருக்கும். திரவத்துல மீதைல் மெதாக்ரிலேட் மோனோமர், அதோட வேகத்தைத் தூண்டுற ஒரு அமீன். ரெண்டும் சேர்ந்தா சூடாகிக் கல்லாகும். இடுப்புமூட்டுச் சிமென்ட்டை முதுகுக்கு எடுத்துடாதீங்க. இடுப்புச் சிமென்ட்ல பேரியம் சுமார் 10 சதவீதம், முதுகுச் சிமென்ட்ல சுமார் 30. பேரியம் கம்மியானா சி-ஆர்ம்ல (தியேட்டர் எக்ஸ்ரே மெஷின்) கசிவு தெரியாது. தெரியறப்ப நேரம் தாண்டியிருக்கும்.

நம்ம ஊர் பிரச்சினை வெயில். சித்திரை வைகாசியில சேலத்துல இருந்தோ பெங்களூர்ல இருந்தோ பார்சல் வண்டியில வர்ற பெட்டி, ஸ்டோர் ரூம் ஜன்னல் ஓரமா ரெண்டு நாள் கிடந்தா போதும், மறுநாள் கலக்கினவுடனே கையில இறுகிடும். பெட்டியில 25 டிகிரிக்குக் கீழன்னு போட்டிருக்கும், அதை யாரும் படிக்கறதில்லை. கேஸுக்கு 24 மணி நேரம் முன்னாடியே பொடி, திரவம் ரெண்டையும் தியேட்டர் ஏசிக்குள்ள வெச்சிடுங்க. தியேட்டர் சுவர்ல தெர்மாமீட்டர் மாட்டுங்க. கரண்ட் போய் ஜெனரேட்டர்ல ஏசி ஓடாத தியேட்டர்னா, அறை 20-ல இருந்து 26-க்கு ஏறியிருக்கும், நேத்து கிடைச்ச வேலை நேரம் இன்னைக்குக் கிடைக்காது. கலக்க ஆரம்பிச்ச நொடியில ஸ்டாப்வாட்ச் அமுக்கி, நிமிஷத்தைச் சத்தமா சொல்லணும். மனசுல எண்ணக் கூடாது.

பதம் எப்படி? தண்ணியா இருக்கிறப்ப ஏத்தினா ரத்தக்குழாய்ல ஓடிடும். பற்பசை மாதிரி வரணும். ஊசி முனையில கொஞ்சம் தள்ளிப் பாருங்க. சொட்டினா இன்னும் நேரம் ஆகல. தொங்காம சுருண்டு நின்னா ஏத்தலாம். எங்க தியேட்டர் பாஷையில சொன்னா, களி பதம். கூழ் பதத்துல ஏத்தாதீங்க.

மோனோமர் ஆவி தீப்பிடிக்கும், தலை சுத்தும். ரப்பர் கிளவ்ஸ் வழியாவும் தோலுக்கு வரும், அதனால ரெட்டை கிளவ்ஸ். மூடின மிக்ஸர் இருந்தா அதுலதான் கலக்கணும். மாசமா இருக்கிற சிஸ்டர் கலக்க நிக்க வேண்டாம், காண்டாக்ட் லென்ஸ் போட்டவங்களும்.

கடைசியா, எல்லாரும் ஏமாறுற இடம். மீதி சிமென்ட்டை உருட்டித் துணி மேல வெச்சு, அது இறுகிடுச்சான்னு பார்த்து உள்ள இருக்கிறதை முடிவு பண்றோம். உள்ள உடம்பு 37 டிகிரி, வெளியில 20. உள்ளது முதல்லயே இறுகிடும். வெளி உருண்டை இன்னும் மெத்துனு இருக்கு, இன்னும் அரை மில்லி தள்ளலாம்னு நினைச்சா ஊசி உள்ளயே ஒட்டிக்கும்.

#10 தொப்பூர்_ஆர்த்தோ

சிஸ்டர் சொன்னது தங்கம். அறுவை பக்கம் நான் சேர்க்கிறேன்.

குப்புறப் படுக்க வைத்து நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே திண்டு. சும்மா அப்படிப் படுத்தாலே அமுங்கிய எலும்பு சில மில்லிமீட்டர் உயரும். சி-ஆர்மை நேராக்கும் வரை ஊசியைத் தொடாதீர்கள்: நடுமுள் சரியாக நடுவில், இரண்டு பெடிக்கிளும் (முதுகெலும்பின் பின்பக்கம் இருபுறமும் உள்ள காம்பு) சம தூரத்தில், மேல்தட்டு ஒரே கோடாக. ஊசி, கீழ்முதுகுக்கு 11 கேஜ், மேல்முதுகுக்கு 13. நுழைவது பெடிக்கிளின் மேல் வெளி ஓரம், இடது பக்கம் கடிகாரத்தில் 10 மணி, வலது பக்கம் 2 மணி. பக்கவாட்டுப் படத்தில் ஊசி முனை எலும்பின் பின்சுவரைத் தாண்டும் வரை, நேர் படத்தில் அது பெடிக்கிளின் உள்கோட்டைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு விதியை மீறினால் தண்டுவடக் குழாய்க்குள் போய்விடுவீர்கள். முனை நிற்க வேண்டியது முன் மூன்றில் ஒரு பங்கில்.

ஏற்றுவது கால் மில்லி, அரை மில்லியாக. ஒவ்வொரு தள்ளலுக்கும் பக்கவாட்டுப் படம். கீழ்முதுகில் 3, 4 மி.லி., மேல்முதுகில் 2, 3 மி.லி. போதும். நிறைய ரொப்பினால் வலி நிறையக் குறையும் என்று கிடையாது, கசிவுதான் நிறையும். சிமென்ட் பின் கால் பங்கை எட்டினால் நிறுத்துங்கள். வட்டுக்குள் ஒழுகினாலோ நரம்புக் குழாய்ப் பக்கம் கோடு தெரிந்தாலோ ஒரு நிமிஷம் பொறுங்கள். முன்னால் போனது கெட்டியாகித் தானே அடைத்துக்கொள்ளும், பிறகு ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி ஏற்றலாம். பக்க நாளத்தில் கோடு ஓடினால் உடனே நிறுத்துங்கள், அது நுரையீரல் வரை போகக்கூடியது. எடுக்கும்போது உள்கம்பியைத் திரும்பப் போட்டு எடுங்கள். இல்லையென்றால் பெடிக்கிளிலிருந்து தசை வரை சிமென்ட் வால் நீண்டு, ஒவ்வொரு முறை புரளும்போதும் குத்தும்.

ஒரே நாளில் மூன்று எலும்புக்கு மேல் வேண்டாம்.

இப்போது நல்லம்பள்ளி சார் சொன்ன விஷயம். ஃப்ளோரோசிஸ் எலும்பில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். வெளிப்பக்கம் சுத்தியல் வைத்தால்தான் ஊசி போகும், உள்ளே இடம் குறைவு. சாதாரண எலும்புப்புரையில் சிமென்ட் பஞ்சு மாதிரியான இடைவெளிகளில் பரவும். இங்கே அது பரவ இடமில்லாமல் அழுத்தம் ஏறி, விரிசல் இருக்கிற பக்கமாக வெளியேறும். நான் சொன்ன அளவில் பாதியே பல நேரம் அதிகம். முறிவுக்குள் குகை இருந்தால் குகையை மட்டும் நிரப்பிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தசைநார்கள் எலும்பாகி முதுகு முழுதும் ஒரே கம்பாக விறைத்துப் போயிருந்தால் அங்கே உடைவது நீளமான எலும்பு உடைவது போல. அதற்குச் சிமென்ட் மட்டும் போதாது, நீளமாக ஸ்க்ரூ போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

#11 ஓசூர்_மெட்டீரியல்ஸ்

செராமிக் கேள்விக்கு நான் வருகிறேன். நான் மருத்துவர் இல்லை, பொருளியல் பக்கம்.

"கரைந்து எலும்பாக மாறும்" என்பது பொய் அல்ல. ஆனால் கரைவதற்கும் எலும்பாவதற்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது, அந்தக் காலத்தில் சுமையை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி.

கால்சியம் சல்ஃபேட், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் சுத்தமான தம்பி, 6 முதல் 12 வாரத்தில் கரைந்துவிடும். பலவீன எலும்பில் அதற்குள் புது எலும்பு வந்து சேராது. இது கரையும்போது காயத்திலிருந்து வெள்ளையாக நீர் வடியும். சீழ் என்று நினைத்துக் காயத்தைத் திறந்துவிடுவதும் நடக்கிறது. கிருமி வளர்ப்புப் பரிசோதனை முடிவு வரும் வரை பொறுக்கலாம்.

கால்சியம் ஃபாஸ்பேட் சிமென்ட் 1980-களில் அமெரிக்காவில் பிரௌன், சௌ இருவரும் பல் மருத்துவத்துக்காக உருவாக்கியது. பொடியும் நீரும் சேர்ந்து உடல் வெப்பத்திலேயே ஹைட்ராக்சிஅபடைட்டாக இறுகும், பிஎம்எம்ஏ மாதிரி சுடாது. அமுக்கினால் தாங்கும். ஆனால் இழுத்தாலோ பக்கவாட்டில் நழுவ வைக்கிற வெட்டுவிசை கொடுத்தாலோ சாக்பீஸ் மாதிரி உடையும். மேலே நிற்கிற பாரத்தைத் தாங்குகிற தூண், பக்கவாட்டில் இழுத்தால் முறிகிற மாதிரி. முதுகெலும்பு குனியும் நிமிரும் திரும்பும், மூன்று விசையும் கலந்தே வரும். அதனால் இதன் சரியான இடம் மணிக்கட்டு, முழங்காலுக்குக் கீழ் மூட்டுமேடை, குதிகால். அங்கேயும் பிளேட் விசையைத் தாங்கும், இது குழியை நிரப்பும். பிளேட் இல்லாமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்: ரத்தம். குழியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தால் சிமென்ட் இறுகும் முன்பே கரைத்துக்கொண்டு போய்விடும். கழுவி, உறிஞ்சி, துணி வைத்து அழுத்தி, துணியை எடுத்த கையோடு ஆழத்திலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். பிறகு சுமார் 10 நிமிஷம் கை கால் எதையும் அசைக்கக் கூடாது. முழு வலு வர ஒரு நாள்.

விறைப்பு எண்களையும் பாருங்கள். உள்ளெலும்பு நல்ல நிலையிலேயே ஒரு கிகாபாஸ்கலுக்கு (விறைப்பின் அலகு) கீழ்தான், புரை விழுந்தால் அதில் ஒரு பங்கு. பிஎம்எம்ஏ 2 முதல் 3. வெளியெலும்பு 15 முதல் 20. டைட்டானியம் கலவை சுமார் 110, துருப்பிடிக்காத எஃகு சுமார் 200. மண் சுவரில் கான்கிரீட் லிண்டல் பதித்தால் லிண்டல் உடையாது, அதன் ஓரத்தில் மண் விரியும். சிமென்ட் வைத்த எலும்புக்கு மேல் எலும்பு உடைவதற்கு இது காரணம் என்று ஒரு வாதம். அந்த எலும்பு எப்படியும் உடையப் போகிறதுதான் என்று எதிர்வாதம். இரண்டுமே கொஞ்சம் உண்மையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

உயிர்க்கண்ணாடி பற்றி யாராவது கேட்பார்கள் என்று முன்கூட்டியே: 1969-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் செய்தது. எடையில் 45 சதவீதம் சிலிக்கா, 24.5 கால்சியம் ஆக்சைடு, 24.5 சோடியம் ஆக்சைடு, 6 ஃபாஸ்பரஸ் பென்டாக்சைடு. எலும்போடு நேரடியாகப் பிணையும். நொறுங்கும் தன்மை அதிகம் என்பதால் தூளாகவும் மணியாகவும் குழி நிரப்பத்தான், தூணாக நிறுத்த அல்ல. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உயிர்ச் செராமிக் வேலை பல வருஷமாக நடக்கிறது.

#12 காரிமங்கலம்_பிசியோ

இடுப்பு முறிவுல? அங்கதான் உயிரே போகுது.

#13 தொப்பூர்_ஆர்த்தோ

தொடை எலும்பின் மேல்பகுதி முறிவில் ஆணி போடும்போது, தொடை எலும்பின் தலைக்குள் போகிற ஸ்க்ரூவின் முனை எங்கே நிற்கிறது என்பதுதான் பாதி வெற்றி. முனையிலிருந்து தலையின் உச்சிக்கு நேர் படத்திலும் பக்கப் படத்திலும் உள்ள தூரங்களைக் கூட்டினால் 25 மி.மீ.க்குள் வர வேண்டும். 1995-ல் பாம்கார்ட்னர் சொன்ன கணக்கு, இன்னும் மாறவில்லை. அதைத் தாண்டினால் புரை எலும்பை ஸ்க்ரூ வெண்ணெயில் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். இடம் தப்பாக நிற்கிற ஸ்க்ரூவைச் சிமென்ட் காப்பாற்றாது. இடம் சரியாக இருந்தும் எலும்பு பிடிக்கவில்லை என்றால், துளையுள்ள பிளேடு வழியாக 3 முதல் 6 மி.லி. சிமென்ட் வைக்கலாம். அதற்கு முன் கட்டாயம் எக்ஸ்ரேயில் தெரிகிற கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, மூட்டுக்குள் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் சிமென்ட் கிடையாது.

முதுகு பெடிக்கிள் ஸ்க்ரூவுக்கும் இதே யோசனை. துளையுள்ள ஸ்க்ரூ, ஒன்றுக்கு ஒன்றரை முதல் 2 மி.லி. பின்னால் கிருமி வந்தால் அதைக் கழற்றுவது நரக வேதனை என்று தெரிந்தே போடுங்கள்.

ஃப்ளோரோசிஸ் தொடை எலும்பு தலைகீழ். பிடிப்பு இருக்கும், துளைதான் எளிதில் விழாது. வெளிச்சுவர் தடித்து மஜ்ஜைக் குழல் குறுகியிருக்கும், ஆணியின் விட்டத்தை முன்கூட்டியே படத்தில் அளக்காமல் போனால் பாதியில் மாட்டிக்கொள்ளும். புது டிரில் பிட் எடுங்கள், சலைன் ஊற்றிக்கொண்டே துளையுங்கள், இடையிடையே வெளியே எடுத்துத் தூளைத் துடையுங்கள். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிஷம் இருந்தாலே செல் செத்துவிடும், செத்த எலும்பில் ஸ்க்ரூ ஒரு மாதத்தில் தளரும். டேப் போடாமல், அதாவது துளைக்குள் முதலில் மரை வெட்டாமல், ஸ்க்ரூவைத் திருகினால் அதன் தலை முறிந்து கையோடு வரும்.

#14 மயக்கம்_கிருஷ்ணகிரி

தொடைக் கழுத்து முறிவில் சிமென்ட் வைத்துப் பாதி மூட்டு மாற்றும்போது, சிமென்ட் போகிற நிமிஷத்தில் ரத்த அழுத்தம் சரிந்து ஆக்சிஜன் இறங்கலாம். குழலுக்குள் இருக்கும் கொழுப்பும் மஜ்ஜையும் அழுத்தத்தில் நாளத்துக்குள் போவதுதான் முக்கியக் காரணம். தடுப்பது அறுவையாளர் கையில்: தண்டு முனைக்குக் கீழே அடைப்பான், அழுத்த நீரால் கழுவல், உலர்த்தல், துப்பாக்கியால் கீழிருந்து மேலாக நிரப்பல். விரலால் மேலிருந்து திணிக்காதீர்கள். என் கையில் இருப்பது: முன்கூட்டியே திரவம், அட்ரினலின் சிரிஞ்சில் தயார், நூறு சத ஆக்சிஜன். "சிமென்ட் போகுது" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள் சார், நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம்.

#15 ஊத்தங்கரை_பொதுமருத்துவம்

இனி மருந்து. சிமென்ட் வைத்து அனுப்பிவிட்டு மருந்து ஆரம்பிக்காமல் விட்டால், அடுத்த எலும்புக்குத் தேதி குறித்த மாதிரி.

முதலில் வைட்டமின் டி, கால்சியம் சரிசெய்யுங்கள். 60,000 யூனிட் வாரம் ஒன்று, 8 வாரம் என்பது நம் நாட்டு வழக்கம். உணவும் மாத்திரையும் சேர்த்துக் கால்சியம் நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. ராகியில் 100 கிராமுக்கு சுமார் 350 மி.கி. இருக்கிறது, களி நல்லதுதான். ஆனால் அதில் இருக்கும் ஃபைடேட் என்ற பொருள் கால்சியத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பால், மோரும் வேண்டும். போர் தண்ணியில் களி கிண்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி., வருஷம் ஒரு முறை, 15 நிமிஷத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழ் என்றால் கூடாது. இடுப்பு முறிவு அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் கொடுத்த 2007 ஆய்வில் புதிய முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. முறிவு நடந்து இரண்டு வாரம் கழித்துப் போடுவது நல்லது. இதே வேலைக்கான இன்னொரு ஊசி டெனோசுமாப், 60 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதைத் தொடங்கினால் தேதி தவறக் கூடாது, பாதியில் விட்டால் அடுத்தடுத்து முதுகெலும்பு நொறுங்கும்.

ஃப்ளோரோசிஸ் இருப்பவருக்கு இங்கே ஒரு கண்ணி. ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஏறியிருக்கும், பாராதைராய்டு ஹார்மோனும் ஏறியிருக்கலாம். அது எலும்பு மெலிவு, தாது ஏறாத எலும்பு. அதைச் சரிசெய்யாமல் சோலெட்ரோனிக் போட்டால் கால்சியம் சரிந்து கை கால் இழுக்கும். காரணம் தெரியாமல் பாஸ்ஃபடேஸ் ஏறியிருக்கிறவருக்கு எலும்பை வளர்க்கும் ஊசியான டெரிபாரடைடும் எழுதக் கூடாது. கிட்னி சரியில்லாதவருக்கு ஃப்ளோரைடு வெளியேறுவதும் குறைவு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

#16 காரிமங்கலம்_பிசியோ

எல்லாருக்கும் நன்றி. என் பக்கத்துல இருந்து சேர்க்க வேண்டியது.

சிமென்ட் வெச்ச அன்னைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் மல்லாந்து படுக்கணும், அன்னைக்கு மாலையே எழுப்பி நடக்க வைக்கலாம். எழும்போது மல்லாந்தபடியே நேரா நிமிர்ந்து உட்காரக் கூடாது: முட்டி மடக்கி, உடம்பு மொத்தமா ஒருக்களிச்சு, கால் கீழே, கை ஊன்றி மேலே. குனிஞ்சு திரும்பறது ரெண்டும் சேரவே கூடாது. களை எடுக்கறது, கொத்தமல்லி பிடுங்கறது எல்லாம் மூணு மாசம் கிடையாது. நிமிர்த்துற பயிற்சி மட்டும், வயித்தைச் சுருக்கிக் குனியற பயிற்சி வேண்டாம். முதுகுக்கு எண்ணெய் போட்டு அமுக்கி "கட்டு" போடற இடத்துக்குப் போயிடாதீங்கன்னு வீட்டுக்காரங்ககிட்ட முதல் நாளே சொல்லிடணும். ஒரு அமுக்குல பக்கத்து எலும்பு போயிடும். பஸ்ல கடைசி சீட்டும், பின் சக்கரத்துக்கு மேல இருக்கிற சீட்டும் வேண்டாம், நடுவுல உட்காரச் சொல்லுங்க.

#17 அரூர்_ஓடி_சிஸ்டர்

மறந்துட்டேன். சிமென்ட் பெட்டியில, ஸ்க்ரூ பாக்கெட்ல வர்ற ஸ்டிக்கரு, ஒண்ணு கேஸ் ஷீட்ல, ஒண்ணு தியேட்டர் ரெஜிஸ்டர்ல, ஒண்ணு டிஸ்சார்ஜ் சம்மரியில. லாட் நம்பர் இல்லாத ஸ்டிக்கர் வந்தா அந்தப் பெட்டியைப் பிரிக்காதீங்க.

#18 நல்லம்பள்ளி_ஃபிலிம்

டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த எலும்பு, எத்தனை மி.லி. என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு வலிக்கு எடுக்கும் படத்தில் நுரையீரலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், அது பழைய சிமென்ட்டா புதிய கட்டியா என்று தேட எங்களுக்கு அந்த ஒரு வரிதான் வழி.